பொட்டு நிற்காத கார்

சென்னகிருஷ்ணனுக்குக் கடவுள் இரண்டு கண்ணைக் கொடுத்தது அதிகம். ஒரு கண்ணை வைத்துக்கொண்டே ஊரிலுள்ள கீறல்களையெல்லாம் பார்த்து முடித்துவிடுவான்.

ஓசூர் சிப்காட்டில், பைக்குக்குப் பெட்ரோல் டேங்க் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றின் பெயிண்ட் ஷாப்பில் அவனுக்கு வேலை. பெயிண்ட் அடிப்பவன் இல்லை. அடித்து, சூட்டில் வெந்து, ஆறி வருகிற டேங்கைப் பார்ப்பவன். தலைக்கு மேல் வரிசையாக டியூப்லைட் எரியும். அந்த வெளிச்சம் டேங்கின் மேல் கோடு கோடாக விழும். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே குற்றம் இருக்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி அவன் பார்த்தால் தூசி, குழி, ஒழுகல், ஒட்டிக்கொண்ட முடி எதுவும் தப்பாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதே வேலை என்பதால் தலை சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றுவிட்டது. மகள் சுவேதாவைப் பெண் பார்க்க வந்த பையனைக்கூட ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்கார வைத்து அப்படித்தான் பார்த்தான். மாமனாருக்குக் கழுத்துச் சுளுக்கு போலிருக்கிறது என்று நினைத்த பையன், கிளம்பும்போது ஒரு நல்ல தைலத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான்.

பெயிண்ட் ஷாப்புக்குச் சில சட்டங்கள் உண்டு. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது. பவுடர், சென்ட், பூ எதுவும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு எண்ணெய்ப்பசை காற்றில் பறந்துபோய் உட்கார்ந்தாலும் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்துவிடும். வளையல், மோதிரம், பெல்ட் கொக்கி எல்லாம் கீறும். இந்தச் சட்டங்கள் கம்பெனி கேட்டுக்கு உள்ளே இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. சென்னகிருஷ்ணன் கார் வாங்கினான். சட்டங்கள் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டன.

கார் கறுப்பு. அத்திப்பள்ளிப் பல் டாக்டர் ஒருவர் வைத்திருந்து விற்றது. கறுப்பு வண்டி மட்டும் வேண்டாம், மூச்சு விட்டால்கூடக் கோடு தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள்தான் இவன். ஆனால் அந்த டாக்டர் வீட்டு நிழலில் அது நின்ற நிற்பைப் பார்த்ததும் புத்தி எங்கோ போய்விட்டது. அவன் குடியிருப்பது ஜூஜுவாடியில். வாசலில் நின்று பலமாகத் தும்மினால் கர்நாடகாவில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு எல்லையோரம். பகலெல்லாம் லாரி போகும். லாரி கிளப்புகிற புழுதிக்கு மாநிலம் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் கறுப்புக் காரை வாங்கி நிறுத்திவிட்டு, அதில் கீறல் விழக் கூடாது என்று ஒரு மனிதன் பிடிவாதமாக இருந்தால் அவனை என்னவென்று சொல்வது?

முதல் பூஜைக்கு மலைக்கோயிலுக்கு ஓட்டிப் போனான். அர்ச்சகர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்து, நம்பர் பிளேட்டில் வைத்தால் போதும் சாமி என்றான். சாமிக்கும் நம்பர் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள வசதி என்று ஒரு காரணமும் சொன்னான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் அதன் புளிப்பு ரப்பருக்கு ஆகாது என்று அங்கேயே தண்ணீர் ஊற்றிக் கழுவினான். அர்ச்சகர் அவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு கார் ஓடியதைவிடத் துடைபட்டதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் திருவிழா. வெயில் ஏறுவதற்குள் கழுவி முடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அழுக்குத் துணியை அலச ஒரு வாளி. போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். வீட்டில் சோறு பொங்குவது போர் தண்ணீரில்தான். காருக்குக் கேன். மனைவி ருக்மணி இதைப் பற்றி ஒரு தடவை கேட்டாள். சோற்றில் புள்ளி விழுந்தால் தெரியாது என்று பதில் வந்தது. 

துடைப்பது என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். போர்வை மாதிரித் தடிமனான ஒரு துண்டை அப்படியே விரித்துப் போட்டு, அழுத்தாமல், அதன் கனத்திலேயே தண்ணீரைக் குடிக்க விட வேண்டும். பிறகு இரண்டு மூலையைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலும் கதவுப் பிடிக்குள்ளும் ஒளிந்திருக்கும் தண்ணீரைச் சைக்கிள் பம்ப்பால் ஊதி வெளியே கொண்டுவர வேண்டும். துண்டின் ஓரத் தையலைப் பிரித்து எடுத்துவிட வேண்டும், நூல் கீறும். துண்டு தரையில் விழுந்துவிட்டால் அதற்குப் பதவி போய்விடும். காரிலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து வீட்டுத் தரைக்கு. ருக்மணியிடம் இன்று தரை துடைக்க உள்ள துணிகளை வைத்து ஒரு கல்யாண மண்டபத்தையே துடைக்கலாம். எதிர்வீட்டு மாதேஷ் தன் காரைக் கட்டியிருந்த லுங்கியாலேயே துடைத்துவிட்டு, அதையே உதறிக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவான். அந்த நேரத்தில் சென்னகிருஷ்ணன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

காரில் ஏறுவதற்கும் சட்டம் இருந்தது. தலையில் எண்ணெய் கூடாது, பூ கூடாது, வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல், வளையல் இல்லாமல் ஒரு சுமங்கலி எங்கே போவாள்? ருக்மணி போனது பெட்ரோல் பங்க் வரைக்கும்தான். அதுவும் நான்கைந்து தடவை.

ருக்மணிக்குப் பிறந்த ஊர் நாகரசம்பட்டி. நிலம், மாந்தோப்பு எல்லாம் உள்ள வீடு. அண்ணன் குருமூர்த்தி அங்கே விவசாயம் பார்க்கிறார். கம்பெனிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட நாள்முதல் அந்த வீட்டு விசேஷம் எதற்கும் அவள் இரண்டு பஸ் மாறிப் போய், ஸ்டாப்பில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் போவாள். அண்ணன் மனைவியின் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் காரில் வந்து இறங்குவார்கள். அவர்களில் மூத்தவர் முனிலட்சுமி, சகுனம் பார்ப்பதில் ஊருக்கே தலைவி. இவள் வியர்த்துப்போய் உள்ளே நுழையும்போதெல்லாம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று அந்தம்மா அக்கறையாக விசாரிப்பார். அந்த அக்கறை ருக்மணியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இந்த வைகாசியில் குருமூர்த்தியின் மகள் ஜெயப்ரியாவுக்குக் கல்யாணம். கிருஷ்ணகிரியில் மண்டபம். முகூர்த்தத்தன்று காலையில் வீட்டிலிருந்து மண்டபத்துக்குத் தன்னை அத்தையின் கறுப்புக் காரில் கூட்டிப் போக வேண்டும், போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று பெண்ணே போன் போட்டுக் கேட்டாள். ருக்மணி புருஷனைக் கேட்காமல் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்று சென்னகிருஷ்ணன் சாப்பிடவில்லை. கல்யாணப் பெண்ணைக் காரில் ஏற்றுவது என்றால் என்ன? ஒட்டியாணம் ஏறுகிறது. முழங்கை வரைக்கும் வளையல் ஏறுகிறது. பானெட்டில் பூமாலையை டேப் போட்டு ஒட்டுவார்கள். டேப்பைப் பிய்க்கும்போது பசை நிற்கும், பசையை எவனாவது நகத்தால் சுரண்டுவான். பின் கண்ணாடியில் இருவர் பெயரையும் ஸ்டிக்கராக ஒட்டுவார்கள். மாங்காய்க் காலம் வேறு. தோப்புக்குள் வண்டியை நிறுத்தினால் மாங்காய்ப் பால் சொட்டும், அது பட்ட இடத்தில் பெயிண்ட் வெந்துபோகும்.  டேப் கிடையாது, பூவை நூலில்தான் கட்ட வேண்டும், ஸ்டிக்கர் இல்லை, மரத்தடியில் நிறுத்த மாட்டேன் என்று வரிசையாகச் சொன்னான். எல்லாவற்றுக்கும் ருக்மணி தலையாட்டினாள்.

கல்யாண வேலைக்காக அவள் ஒரு வாரம் முன்னாலேயே கிளம்பினாள். வழக்கம்போலப் பஸ்ஸில்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மண்டபத்து வாசல்ல பொண்ணு எறங்குவா. அவ பக்கத்துல நானும் எறங்குவன். எல்லாரும் பாப்பாங்க. எனக்கு அது ஒண்ணு போதுங்க. வேற எதுவும் உங்கள நான் கேக்கல."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதைச் சென்னகிருஷ்ணன் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் மண்டைக்குள் அது வேறு மாதிரிப் போய் உட்கார்ந்தது. எல்லாரும் பார்ப்பார்கள் என்றாளே, அப்படியானால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் லீவு போட்டான். காலையிலேயே கழுவி, ஒற்றி, ஊதி முடித்தான். வீட்டுக்குப் பக்கவாட்டில் நிழல் விழும் சந்தில் காரைத் தள்ளி நிறுத்தினான். தகரம் சூடாக இருந்தால் மெழுகு பிடித்துக்கொண்டு விடாது என்று புறங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போல ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். மெழுகு டப்பாவைத் திறந்ததும் பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது. பஞ்சில் சுண்டைக்காய் அளவு எடுத்து, ஒரு கதவு முடிந்த பிறகே அடுத்த கதவு என்று மெல்லிசாகத் தடவினான். கனமாக அப்பினால் மினுக்கும் என்று நினைப்பவர்கள் மடையர்கள் என்பது அவன் கருத்து. தடவியது கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி மங்கும் வரை காத்திருந்து, விரலால் ஒரு கோடு இழுத்து, கோடு சுத்தமாக வந்ததும் புதுத் துணியால் எடுத்தான். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் நேரம் விட வேண்டும். அந்த நேரமெல்லாம் ஈ உட்காராமல் விசிறியோடு காவல் நின்றான். மாதேஷ் வந்து, காருக்குக் கூடவா வேர்க்கும் என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்று பூச்சு முடிந்தபோது பானெட்டில் வானம் தெரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தெளித்தான். அது முத்தாகத் திரண்டு உருண்டு கீழே ஓடியது. உலகத்தில் எதுவும் இனி இதில் ஒட்டாது என்று அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் விடியலில் கிளம்பினான். மாங்காய் லாரிக்குப் பின்னால் போகாமல், கல் தெறிக்காமல், மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு நாகரசம்பட்டி போய்ச் சேர்ந்தான். குருமூர்த்தியின் வீட்டு வாசலில் பந்தல், மேளம், கூட்டம். சொந்தக்காரர்களின் கார்களெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே மண்டபத்துக்குப் போயிருந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் மாங்காய் ஏற்றுகிற குட்டியானை வேன் ஒன்று, பாதி மாங்காயோடு நின்றது. மரத்தை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் காரை நிறுத்தினான். அவன் நினைத்தது வீண் போகவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். குருமூர்த்தி காரின் கதவில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு வந்த ருக்மணி காரைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். அப்படி அவள் அவனைப் பார்த்துப் பல வருஷம் இருக்கும். பூ, எண்ணெய், வளையல் எதைப் பற்றியும் அவன் வாயே திறக்கவில்லை. பின் கதவைத் திறந்து உட்காரச் சொன்னான். பெண் ஏறிய பிறகுதான் ஏறுவேன் என்று அவள் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஜெயப்ரியா அலங்காரத்தோடு வந்தாள். ராகு காலம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று குருமூர்த்தி அவசரப்படுத்தினார். முனிலட்சுமி தாம்பாளத்தோடு முன்னால் வந்தார். பெண் ஏறும் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? சந்தனத்தை மூன்று விரலில் எடுத்துப் பானெட்டின் நடுவில் வைத்து, அதன் மேல் குங்குமத்தை வைத்தார்.

பொட்டு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மெதுவாகக் கிளம்பி, பானெட்டின் சரிவில் வழுக்கிக்கொண்டே வந்து, விளக்குக்கு மேல் கொஞ்சம் தயங்கி, மண்ணில் விழுந்தது.

சந்தனத்தில் தண்ணீர் அதிகம் என்றார்கள். முனிலட்சுமி கெட்டியாகக் குழைத்து மறுபடி வைத்தார். அதுவும் கிளம்பியது. கட்டைவிரலால் அழுத்தி ஒன்று வைத்தார். அது மற்ற இரண்டையும்விட வேகமாகப் போனது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த இடத்தில் சென்னகிருஷ்ணன் ஒரு காரியம் செய்தான். சிரித்தான். வேண்டுமென்று இல்லை. கையால் போட்ட மெழுகு, மூன்றே பூச்சில், இத்தனை சந்தனத்தையும் தூக்கி எறிகிறதே என்று பெருமையில் முகம் தானாக மலர்ந்துவிட்டது. பொட்டு நிற்காமல் போனதைப் பார்த்து அந்தக் கூட்டத்தில் சிரித்த ஒரே முகம் அவனுடையது. அதை ருக்மணி பார்த்துவிட்டாள்.

"தேவுடா," என்றார் முனிலட்சுமி. தெலுங்கில் ஆரம்பித்தவர் தமிழுக்கு வந்தார். "பொண்ணு ஏர்ற வண்டியில பொட்டு நிக்கலியேம்மா."

கூட்டம் ருக்மணியைத் திரும்பிப் பார்த்தது. காரை யாரும் பார்க்கவில்லை. சகுனம் யார் கொண்டுவந்ததோ அவர்களைத்தானே பார்ப்பார்கள். அவள் முகத்தில் ரத்தமில்லை. சென்னகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒட்டாத இடத்தில் எதுவும் ஒட்டாது என்று வாழ்நாளெல்லாம் பாடம் படித்தவன், சந்தனமும் அதில் சேர்த்தி என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையே. அவனுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மெழுகு போட்டிருக்கிறது, அதனால்தான் நழுவுகிறது, சகுனமெல்லாம் இல்லை என்று விளக்கினான். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. காருக்கு எதற்கு மெழுகு என்று யாரோ கேட்டார்கள். அப்படியானால் முன் கண்ணாடியில் வையுங்கள் என்றான். முனிலட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணாடி வண்டிக்குக் கண்ணு தம்பி. கண்ணுல யாராவது பொட்டு வெப்பாங்களா? இதுதான் நெத்தி." பானெட்டைத் தட்டினார். மோதிரக் கையால் தட்டினார். சென்னகிருஷ்ணனுக்கு உயிர் ஒரு தடவை போய் வந்தது.

மெழுகை எடுக்க வழி உண்டு. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் போதும், நொடியில் போய்விடும். பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடிப்போய்ச் சோப்புப் பாட்டிலை வாங்கி வந்தான். இதோ ஒரு நிமிஷம் மச்சான் என்று குருமூர்த்தியிடம் சொன்னான். சாதாரண மனிதனாக இருந்தால் ஒரு கை சோப்பை அள்ளி நடுவில் தேய்த்துவிட்டுப் பொட்டு வைக்கச் சொல்லியிருப்பான். பெண் ஏறியிருப்பாள். அவள் பக்கத்தில் ருக்மணி ஏறியிருப்பாள். நம் ஆள் டிக்கியைத் திறந்து, பெயிண்ட் ஷாப்பில் ஓரம் மறைக்கிற, பசை நிற்காத ஒட்டுத்தாள் சுருளையும் கேன் தண்ணீரையும் எடுத்தான். சோப்பு வழிந்து மற்ற இடத்து மெழுகைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? பூ கட்டும் நூலை வாங்கிக் குறுக்கும் நெடுக்கும் பிடித்து நடுவைக் கண்டுபிடித்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் விட்டுச் சுற்றிலும் தாள் ஒட்டினான். சதுரத்துக்குள் சோப்புப் போட்டு, கேன் தண்ணீரில் ஒற்றியெடுத்து, துண்டால் உலர்த்தினான். ராகு காலம், ராகு காலம் என்று தலைக்கு மேல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முனிலட்சுமி வைத்தார். பொட்டு நின்றது. மேளம் ஒரு தட்டுத் தட்டியது. அத்தோடு விட்டிருந்தாலும் போதும். கதவுக்கும் வைக்க வேண்டும் என்றார் அந்தம்மா. சென்னகிருஷ்ணன் மறுபேச்சு பேசாமல் ஒட்டுத்தாளோடு முதல் கதவின் முன் உட்கார்ந்தான். ஒரு கதவுக்கு வைத்தால் போதுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் போதும் என்றிருப்பார். ஆனால் ஒரு கதவில் மெழுகு இருந்து இன்னொன்றில் இல்லாமல் இருந்தால் வெயிலில் வித்தியாசம் தெரியும். நான்கிலும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் சதுரம் வெட்ட வேண்டும். அவன் வேலைக்குள் போய்விட்டான். மேலே நடக்கும் பேச்சு அவனுக்குக் கம்பெனி இரைச்சல் மாதிரி ஆகிவிட்டது. ருக்மணி அவன் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டாள். அவள் புருஷன் பெயரைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை, அதனால் வேறு யாரையோ என்று இருந்துவிட்டான்.

மூன்றாவது கதவில் இருக்கும்போது வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. புழுதி எழும்பும் என்று தோன்றியதும் அவன் செய்தது ஒன்றுதான். துண்டை விரித்து, இரண்டு கையையும் அகட்டி, உடம்பால் கதவை மறைத்துக்கொண்டான். புழுதி அடங்கியதும் வேலையைத் தொடர்ந்தான்.

நான்காவது கதவு முடிந்து நிமிர்ந்தபோது பந்தல் காலியாக இருந்தது. நாற்காலிகள் இருந்தன. தாம்பாளம் ஒரு நாற்காலியின் மேல் இருந்தது. குட்டியானை நின்ற இடத்தில் அவசரமாகக் கொட்டிய மாங்காய்க் குவியல். பாத்திரம் தேய்த்த பெண் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாரும் போய்ட்டாங்கண்ணா. சோப்பைக் குடுங்க."

அவன் மண்டபத்துக்குத் தனியாகக் காரை ஓட்டிப் போனான். நெற்றியில் ஒரு பொட்டு, நான்கு கதவிலும் வெறும் சதுரம். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. வாசலில் நிற்கச் சொல்லி யாரும் போட்டோ எடுக்கவில்லை. பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். பந்தியில் ருக்மணிக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தான். அவள் அவனுக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிட்டாள். அப்பளம் வேண்டுமா என்று கேட்டான். அவள் பரிமாறுகிறவரிடம் மோர் கேட்டாள்.

சாப்பிட்டானதும் ஊருக்குக் கிளம்பலாம் என்றாள். பூவோடு, எண்ணெயோடு, வளையலோடு பின் சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். அவன் வண்டியைக் கிளப்பினான். கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் ஏறினார்கள். டோல்கேட் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது அவளே பேசினாள். அழவில்லை, கத்தவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, அடுத்த வீட்டு விஷயம் மாதிரிச் சொன்னாள்.

"பொண்ண முன்னால டிரைவர் பக்கத்துல ஏத்திட்டாங்க. நாங்கள்லாம் பின்னால நின்னுக்கிட்டு வந்தோம். பொடவையெல்லாம் மாங்கா பாலு. மண்டபத்து வாசல்ல பொண்ணு எறங்கறத எல்லாரும் முன்னால நின்னு பாத்தாங்க. நாங்க பின்னால குதிச்சோம். அண்ணன் வாசல்ல நின்னு வரவங்கள எல்லாம் 'வாங்க'ன்னு கூப்பிட்டுது. என்னைய யாரும் 'வா'ன்னு கேக்கல. கூட்டத்துல நான் வந்ததே தெரியல."

முந்தானைக் கறையைத் தடவிக்கொண்டே, "இப்ப கார்ல போறன். யாரு பாக்கறா?" என்றாள்.

 எத்தனையோ ஆயிரம் டேங்கில் கடுகளவு குழியைக் கண்டுபிடித்தவனுக்கு, தன் பெண்டாட்டி வண்டியிலிருந்து குதித்தது தெரியவில்லை. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். அதுவரை அவனுக்கு அது என்னவென்றே தெரியாது.  டோல்கேட்டுக்கு முன்னால் இருந்த திருப்பத்தில் காரைத் திருப்பினான்.

எங்கே என்று கேட்டாள். மண்டபத்துக்கு என்றான்.

"எதுக்கு? அதான் முடிஞ்சு போச்சே."

"முடியட்டும்," என்றான்.

மண்டபம் முடிகிற கட்டத்தில் இருந்தது. தாம்பூலப் பையோடு கடைசி ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வாசல் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர் சிவப்பு விரிப்பைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். சென்னகிருஷ்ணன் தலையை வெளியே நீட்டி, அதைக் கொஞ்சம் அப்படியே விடச் சொன்னான். பந்தல்காரருக்குக் குழப்பம். அடுத்த கல்யாணம் நாளைக்குத்தான் என்றார். பரவாயில்லை, விரியுங்கள் என்றான் இவன். அவர் விரித்தார். முன்னும் பின்னும் எடுத்து, பின் கதவு சரியாக விரிப்புக்கு நேராக வரும்படி காரை நிறுத்தினான். வாசலில் ஹாரன் அடித்தான். ஒன்று போதாமல் நீளமாக இன்னொன்று அடித்தான். தாம்பூலப் பைகள் எல்லாம் நின்று திரும்பின. அவன் இறங்கி, சுற்றிக்கொண்டு போய், கதவைத் திறந்து பிடித்தான்.

ருக்மணி உடனே இறங்கவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்தாள். பைத்தியமா இந்த மனுஷன் என்ற பார்வைதான், ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. மாங்காய்ப் பால் கறை தெரியாமல் முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலை விரிப்பில் வைத்தாள். பிறகு அடுத்ததை. அவிழ்த்த வாழைமரத்தை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு காரை உரசியபடி போனார்கள். தகரத்தில் அது தேய்கிற சத்தம் நன்றாகவே கேட்டது. சென்னகிருஷ்ணன் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

உள்ளே சமையல் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த குருமூர்த்தி, ஹாரன் சத்தத்துக்கு வெறும் பனியனோடு வெளியே வந்தார். பின்னால் முனிலட்சுமி வந்தார். குருமூர்த்தி காரைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்னா மாப்ள, எதனா மறந்து வெச்சிட்டுப் போய்ட்டீங்களா?"

சென்னகிருஷ்ணன் வாய் திறப்பதற்குள் ருக்மணி சொன்னாள்.

"ஒண்ணுமில்லண்ணா. வந்தோம்."

குருமூர்த்திக்கு விளங்கவில்லை. ஆனால் காலையிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்ட கை அது. தானாகக் குவிந்தது.

"வாம்மா," என்றார். "வாங்க மாப்ள, வாங்க."

முனிலட்சுமி ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ருக்மணி அவசரப்படாமல் விரிப்பின் மேல் நடந்தாள்.